மிமிக் என்றால்

வீரபாகு நொண்டிக்கொண்டே உள்ளே வந்தான்.

மேனேஜர் ஜெயகரன், இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிய தன் காலை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டார். "பாருங்க சார், இங்கயும் அதே வேலை."

விசாரணைக்காக வேலூரிலிருந்து வந்திருந்த வக்கீல் பரந்தாமன் முகம் சுளித்தார்.

தோல் பதனிடும் ஆம்பூர் டேனரியின் ஆபீஸ் அறை அது. 1979 அக்டோபர். குற்றச்சாட்டு ஒரே வரிதான், இங்கிலீஷில். டைப் அடித்தவள் கிரேஸி. மேனேஜரின் நடையை எல்லோர் முன்னாலும் தொழிலாளி வீரபாகு 'மிமிக்' செய்தான்.

மன்னிப்புக் கடிதமும் தயாராக இருந்தது. கையெழுத்துப் போட்டால் திங்கள்கிழமை வேலைக்கு வரலாம். இல்லையென்றால் வரவே வேண்டாம்.

அதை அவனுக்குத் தமிழில் சொல்வதும் கிரேஸியின் பொறுப்பு. சொன்னாள். அந்த ஒரு சொல் வந்தபோது மட்டும், மேனேஜர் சொல்லிக்கொடுத்திருந்தபடி, "கிண்டலா நடந்தது" என்று கடந்துபோனாள்.

வீரபாகு பேனாவை வாங்கினான். குனிந்தவன், கடிதத்திலிருந்த அந்த இங்கிலீஷ் சொல்லை எழுத்துக்கூட்டிவிட்டு நிமிர்ந்தான்.

"மிமிக்குன்னா சரியான அர்த்தம் இன்னாம்மா?"

மேனேஜர் அவளையே பார்த்தார். அவள் வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

"நம்மகிட்ட இல்லாத ஒண்ண, இன்னொருத்தர் மாதிரியே செஞ்சு காட்றது" என்றாள்.

வீரபாகு பேனாவை மேசைமேல் வைத்துவிட்டான்.

"அப்போ இந்த நொண்டல் என்னுது இல்லன்னு நானே எழுதிக் குடுக்கணுமா? முடியாது சார். வேலை போனா போவட்டும்."

அங்கேயே தரையில் உட்கார்ந்து வலதுகால் ரப்பர் பூட்ஸைக் கழற்றினான். உள்ளே அடைத்திருந்த துணியை உருவினான்.

மூன்று விரல்கள் இல்லை. தழும்பு இன்னும் சிவப்பு மாறவில்லை.

வக்கீல் எழுந்தேவிட்டார். "எப்போ ஆச்சு இது?"

"வீட்ல எங்கயாவது பட்டிருக்கும்" என்றார் மேனேஜர். "எங்க ரெக்கார்டுல அப்படி ஒரு விபத்தே கெடையாது."

கிரேஸியை யாரும் கேட்கவில்லை.

"ஆகஸ்ட் பதினாலு சார். தோல் போட்டுச் சுத்தற டிரம்முல மாட்டிக்கிச்சு. ரிப்போர்ட் டைப் அடிச்சது நான்தான்" என்றாள். "கிழிச்சது இவரு."

பரந்தாமன் உட்கார்ந்து, புதுத் தாள் ஒன்றை எடுத்து, மேலே 'சாட்சி' என்று எழுதி, அவளுடைய முழுப்பெயரைக் கேட்டார்.

அப்பா பெயரையும் சேர்த்தே சொன்னாள்.