கேமராவுக்கு வைத்த பொட்டு

சூப்பர்வைசர் ரகுபதியைக் காவேரிக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

பின்னே? ஆயுத பூஜைக்கு அந்த ஒரகடம் பிரேக் பார்ட்ஸ் கம்பெனியே மாலையும் பொரியுமாக அமர்க்களப்பட்டபோது, தன் லைனை மட்டும் மூளியாக விட்ட மனுஷன் அவர்.

"மெஷினுக்கு ஆயில் ஊத்தினா ஓடும். பொட்டு வெச்சா ஓடுமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். ஆசையாக நீட்டிய சர்க்கரைப் பொங்கலைக்கூட வாங்கவில்லை. சாமி இல்லை என்பது அவர் கொள்கை. இருந்துவிட்டுப் போகட்டும், அதற்காக நாலு பேர் சந்தோஷத்தைக் கெடுக்கணுமா என்று காவேரிக்கு ஆத்திரம்.

லீவு முடிந்து வந்தால் அதே லைனில் தகராறு. பார்ட்ஸைப் படம் பிடித்து நல்லதையும் பழுதையும் பிரிக்கிற கேமரா, நல்லதை எல்லாம் சிவப்புத் தொட்டியில் தள்ளிக்கொண்டிருந்தது. லைனை நிறுத்திவிட்டு, மெயின்டனன்ஸ் காவேரியைக் கூப்பிட்டார்கள்.

திரையைப் பார்த்தாள். பார்ட்டில் குத்தியிருந்த நம்பர், பனியில் வருகிற பஸ் போர்டு மாதிரி கலங்கலாகத் தெரிந்தது.

"இன்னாம்மா இது, ஜூம் லென்ஸ் இப்டி கீது? யாராச்சும் கைய வெச்சீங்களா?"

கேமரா பக்கத்தில் நின்ற முத்துச்செல்வி, கிளவுஸைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிற டிரெயினி. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று மேனேஜர் முடிவு செய்கிற மாதம் இது.

காவேரி லென்ஸைக் கழற்றி, டார்ச்சைச் சாய்த்து அடித்தாள். கண்ணாடி முழுக்க மஞ்சளாக ஒரு படலம். மூக்கருகே கொண்டுபோனாள். சந்தனம்! மேலே, விளிம்பில் ஒரு குங்குமப் பொட்டு வேறு.

முத்துச்செல்வி அழ ஆரம்பித்துவிட்டாள்.

"நாந்தான்க்கா வச்சேன். எல்லா லைன்லயும் வச்சிருந்தாவ, நம்ம கேமராவப் பாக்கப் பாவமா இருந்துச்சு. சந்தனம் வழிஞ்சு கண்ணாடியில இறங்கிட்டு. காலைல கிளவுஸ வச்சுத் தொடச்சேன், இன்னும் மங்கிட்டு. அதான் அந்த வளையத்த அப்படி இப்படித் திருகிப் பாத்தேன்..."

"அய்யே! கிளவுஸ்ல இருந்த ஆயிலையும் சேத்துப் பூசி, ஃபோகஸையும் கலைச்சிட்டியா?"

"வேல போனா தை மாசமே எங்க மாமாவுக்குக் கட்டி வச்சிருவாவக்கா. எனக்கு இஷ்டமில்ல."

காவேரி அதற்குமேல் திட்டவில்லை. தூசியை முதலில் ஊதித் தள்ளினாள். லென்ஸ் பேப்பரைத் துடைக்கிற திரவத்தில் நனைத்து, கண்ணாடியை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றித் துடைத்தாள். மாட்டினாள். ஜூமை முழுக்க உள்ளே இழுத்து, நம்பர் தெளிகிறவரை வளையத்தை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். வெளியே தள்ளிப் பார்த்தாள், கலையவில்லை. வளையத்தின் திருகாணியை இறுக்கினாள். திரையில் நம்பர் பளிச்சென்று வந்து நின்றது.

"இன்னா கோளாறு?"

திரும்பினால் ரகுபதி. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ! காவேரி முழிப்பதற்குள், துடைத்துப் போட்ட பேப்பரை எடுத்து முகர்ந்தார்.

"சந்தனமா? நான்தான் அப்பவே சொன்னேனே, பொட்டு வெச்சா ஓடுமான்னு."

முத்துச்செல்வியை ஒரு பார்வை பார்த்தார். தொலைந்தாள் பெண் என்று நினைத்தாள் காவேரி. பூஜை என்றாலே ஆகாத ஆள், சும்மா விடுவாரா?

அதற்குள் மேனேஜர் அருள்பாண்டியும் வந்துவிட்டார். பேப்பரைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"யார் வேலை இது? எனக்குப் பேர் தெரியணும். டிரெயினியா இருந்தா இன்னைக்கே கேட்டுக்கு வெளியே."

முத்துச்செல்வி ஒரு அடி முன்னால் வைத்தாள்.

"நான்தான் சார்" என்றார் ரகுபதி.

மேனேஜர் சிரித்தேவிட்டார். "நீங்களா? பிரசாதம்னா பத்தடி தள்ளிப் போற ஆளு நீங்க!"

"வூட்ல கொஞ்சம் மனசு சரியில்ல சார். யாருக்கும் தெரியாம ஒரு பொட்டு வெச்சிட்டுப் போயிடலாம்னு பாத்தேன். மெமோ குடுங்க, வாங்கிக்கிறேன்."

காவேரிக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த ஒரு பேச்சுக்காக ஃபேக்டரி முழுக்க ஆயுசுக்கும் கேலி பண்ணுமே, அது தெரியாதவரா அவர்? தெரிந்துதான் சொல்கிறார். இவரைப் போய் என்னவெல்லாம் நினைத்தோம் என்று வெட்கமாக இருந்தது.

"காதுல பூ சுத்தாதீங்க ரகுபதி. யாரைக் காப்பாத்தப் பாக்கறீங்க?" மேனேஜரின் பார்வை மெல்ல முத்துச்செல்வி பக்கம் திரும்பியது.

ரகுபதி ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை. லென்ஸ் விளிம்பில் ஒட்டியிருந்த குங்குமத்தை விரலால் தொட்டு எடுத்தார். லைனில் இருந்த அத்தனை பேரும் பார்க்க, அதை நெற்றியில் இட்டுக்கொண்டு, கேமராவைப் பார்த்துப் பக்தியோடு கைகூப்பி நின்றார்.