இருபத்தொன்பதில் ஒரு வெறும் வட்டம்

“மாஸ்டர், இந்தக் கணக்கைக் கொஞ்சம் கீறிக் காட்டுங்க!”

வலைக்கடை டொமினிக் கதவைத் தட்டாமலே தன் வீட்டு வாடகை அறைக்குள் நுழைந்தார். கணித மாஸ்டர் ஜெயராஜா கையிலிருந்த புத்தகத்தைத் தவறவிட்டு எழுந்தார். அந்தப் பதற்றமே டொமினிக்குக்குப் பிடிக்கவில்லை.

டொமினிக்கின் மகள் செசீலியா கன்வென்டில் சின்ன வகுப்புகளுக்கு ரீச்சர். கல்குடா வள்ளக்காரர், அரசாங்கக் கச்சேரி கிளாக்கர் என்று வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் தட்டிக்கழித்துவிட்டாள். வாவியைப் பார்த்த இந்த முன்னறைக்கு மாஸ்டர் குடிவந்த பிறகுதான் இவ்வளவு கூத்தும். இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ ஓடுகிறது என்று டொமினிக்கை ஒரு சந்தேகம் குடைந்துகொண்டே இருந்தது. கையும் களவுமாகத்தான் அகப்படவில்லை.

“எப்பிடி மாப்பிள்ளை வேணும் எண்டு மகளிட்டக் கேட்டன், மாஸ்டர். வயசு இருபத்தொன்பதுக்குக் குறைய இருக்கோணுமாம், இல்லாட்டி இருபத்தொன்பதுக்குக் கூட இருக்கோணுமாம். விளங்காட்டி உங்களிட்டக் கேக்கட்டாம். ஏன் உங்களிட்ட?”

ஜெயராஜா சீமெந்துத் தரையில் சோக்கால் ஒரு கோடு இழுத்தார். நடுவில் 29. அதன்மேல் ஒரு வெறும் வட்டம். வட்டத்திலிருந்து இடப்பக்கம் ஓர் அம்பு, வலப்பக்கம் ஓர் அம்பு.

“இது ரெண்டு சமனிலி, ஐயா: ஒண்டு குறைய, ஒண்டு கூட. ரெண்டில ஒண்டு சரிவந்தாக் காணும். அம்பு போற பக்கத்து வயசெல்லாம் விடைதான்.”

“மறுகா அந்த வட்டத்தை ஏன் நிரப்பாம விட்டீங்க?”

“அந்த ஒரு வயசு மட்டும் சேராது, ஐயா.”

டொமினிக்கின் கண் இடுங்கியது. “உங்களுக்கு என்ன வயசு?”

சோக்கு முறிந்தது. “இருபத்தொன்பது.”

வாடகை பேச வந்த அன்றும் இதையேதான் சொன்னார். டொமினிக் விழுந்து விழுந்து சிரித்தார். பாவம் மனுசன்! மாஸ்டரை வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்பட்டு, அவர் கையாலேயே அதை மகள் கீற வைத்திருக்கிறாளே! இப்படிப்பட்ட பிள்ளையையா சந்தேகப்பட்டோம் என்று அவருக்கே வெட்கமாகிப் போனது.

“செசீலியா!” என்று உள்ளே பார்த்துக் கத்தினார். “எல்லாம் விளங்கிட்டு, மகள்! அம்பு போற பக்கத்தில நீ ஆரைக் காட்டினாலும் அப்பா மறுக்க மாட்டன். அந்தோனியார் மேல சத்தியம்!”

செசீலியா தேத்தண்ணியோடு வாசலில் வந்து நின்றாள். முதல் கோப்பையை மாஸ்டருக்கு நீட்டினாள்.

“சத்தியத்தை மறந்திராதீங்க, அப்பா. நாளைக்கு மாஸ்டருக்குப் பிறந்தநாள். முப்பது!”