மைனாவுக்கு வராத குரல்

விழுந்து விழுந்து சிரிக்கப் போகிறீர்கள். ஆனால் இப்போதே பல்லைக் காட்டிவிட வேண்டாம். முதலில் மைனா போனைக் கையில் எடுக்கட்டும்.

மைனா, கல்லூரியின் நானூறு மீட்டர் ஓட்டக்காரன். காலுக்கு எவ்வளவு வேகமோ, தொண்டைக்கும் அவ்வளவு வேகம். முதல்வரின் கனைப்பு, நூலகத்து அம்மாவின் 'உஷ்', கேன்டீன்காரரின் சலிப்பு எல்லாம் அச்சு அசலாக வரும். கோச் மாஸ்டர் குரலைப் பற்றியோ கேட்கவே வேண்டாம்.

"டேய், அது ஓட்டமா ஊர்கோலமா? தோளை இறக்குடா!"

மாஸ்டரின் தும்மல்வரை அப்படியே வரும். மாஸ்டர் குரலில் 'சபாஷ்' மட்டும் வராது. ஒரு தடவையாவது காதில் விழுந்திருந்தால்தானே வாயில் வரும்!

மாஸ்டர் அறையில் கோப்பைகள் அலமாரி நிறைந்து, ஜன்னல் விளிம்பு வரைக்கும் வழிந்து நிற்கும். அத்தனையும் அவர் உருவாக்கிய பிள்ளைகள் வாங்கியவை. போன மாதம் பழைய மாணவி ஒருத்தி தேசிய அணிச் சட்டையோடு வந்து பூரிப்பாக நின்றாள். மாஸ்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஷூ லேஸைக் கட்டும்மா."

அவ்வளவுதான் பாராட்டு.

இந்த வருஷமும் சாம்பியன் கோப்பை மாஸ்டரின் பிள்ளைகளுக்கே. கடைசி வளைவில் எல்லாரையும் முந்தி மைனா முதலாவதாக வந்தான். மூச்சு வாங்க, மாஸ்டர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். அவர் ஸ்டாப்வாட்சைப் பார்த்தார்.

"கை ரொம்ப ஆடுது."

அந்த ஏக்கம்தான் இன்றைக்கு அவனைச் சாமான் அறைக்குள் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் மாஸ்டர். இந்தப் பக்கம், உயரம் தாண்டும் மெத்தைமேல் மூன்று பேர்: மைனா, தடை ஓட்டம் ஓடும் கேப்டன், குண்டு எறியும் அண்டா. மைனா கையில் அண்டாவின் அண்ணன் போன்.

"மாட்டினா மைதானத்தைச் சுத்தவிட்டே கொன்னுடுவாருடா," என்றாள் கேப்டன்.

"மாட்ட மாட்டேன். நம்ம மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டாரு. இன்னொரு கோச் கேட்டா உள்ளதைச் சொல்லித்தானே ஆகணும்? அவர் வாயில பொய்யே வராதே!"

அது வாஸ்தவம். நடுவர் கவனிக்காத போதும், தன் மாணவன் கோட்டை மிதித்துவிட்டான் என்று தானே போய்ச் சொல்லி, கைக்கு வந்த தங்கத்தைத் திருப்பிக் கொடுத்த மனிதர் அவர்.

"வணக்கம் மாஸ்டர்! அதாவது பாருங்க, நான்தான் பேசறேன்." மைனா வாயிலிருந்து எதிர்க் கல்லூரிக் கோச்சின் மூக்கடைத்த குரல். அண்டா மெத்தையைக் கடித்துக்கொண்டான்.

"சொல்லுங்க கோச்! ஜலதோஷம் இன்னும் விடலையா?" ஸ்பீக்கரில் மாஸ்டர்.

"அது என்னை விட்டு எங்க போகும்? புது நம்பர், குறிச்சுக்குங்க. அதாவது பாருங்க, உங்க பிள்ளைங்க மூணு பேருக்கு இந்த வருஷத்தோட படிப்பு முடியுதாமே. மேல்படிப்புக்கு இங்க சீட் தர்றோம், ஹாஸ்டலும் இலவசம். யார் தேறுவாங்க?"

"தடை ஓட்டப் பொண்ணைக் கண்ணை மூடிட்டுக் கூட்டிட்டுப் போங்க. விழுந்தா அழாது. எந்திரிச்சு அடுத்த தடையைத்தான் பார்க்கும். தங்கம்யா!"

கேப்டன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"குண்டு எறியற தம்பி?"

"சோறு கொஞ்சம் கூடுதலா போடணும். போட்ட சோத்துக்கு வஞ்சனையில்லாம உழைப்பான். அவன் கிடைக்க நீங்க கொடுத்து வச்சிருக்கணும்."

அண்டா மூக்கை உறிஞ்சினான்.

மைனா போனை இன்னும் கிட்டே இழுத்தான். மூக்கடைப்பை விடாமல் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"அப்புறம்... அந்த நானூறு மீட்டர் பையன்?"

சுவருக்கு அப்பால் நாற்காலி கிறீச்சென்று பின்னால் போனது.

"யாரு, மைனாவா? ஐயையோ, அவன் பக்கமே போயிடாதீங்க! முட்டி போச்சு."

"அப்படியா? ஜெயிச்சானே?"

"எங்க ஜெயிச்சான்! முன்னால ஓடினவன் கால் தடுக்கி விழுந்தான், இவன் புகுந்துட்டான். சரியான சோம்பேறி வேற. வெயில் ஏறினப்புறம்தான் மைதானத்துக்கே வருவான். மிச்ச நேரமெல்லாம் வாய். உங்களுக்கு எதுக்கு இந்தத் தலைவலி? எங்க காலேஜ்லயே மேல படிச்சுக்கிட்டுக் கிடக்கட்டும், விடுங்க."

டொக்கென்று போனை வைத்துவிட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. மைனா சமாளித்து, முதல்வர் மாதிரி கனைத்துப் பார்த்தான். கனைப்பு பாதியிலேயே உடைந்தது.

"முட்டி போச்சாம்," என்றான், காலை மடக்கி நீட்டியபடி. "நமக்கு வலிக்கறதுக்கு முன்னாடியே அவர் கண்ணுக்குத் தெரிஞ்சிடும். நிஜமாத்தான் இருக்கும்."

"வலிக்குதா?" என்றாள் கேப்டன்.

"இல்ல..."

"தினமும் கேட் திறக்கறதுக்கு முன்னாடி சுவர் ஏறிக் குதிச்சு ஓடறது யாரு?"

"நான்தான். அதுக்கும் அவர்கிட்ட எத்தனை திட்டு வாங்கியிருக்கேன்!"

"சரி, அன்னிக்கு ரேஸ்ல விழுந்தது யாருடா?"

"யாரும் விழலையே. எல்லாரும் ஓடிட்டுதான் இருந்தாங்க, நான்தான் கடைசி வளைவுல..."

மடக்கிய முட்டி மடக்கியபடியே இருந்தது.

"டேய் அண்டா..." என்றான் மைனா மெல்ல. குரல் அவனுடையதுதான். "உங்க ரெண்டு பேரையும் மனசாரத் தூக்கிக் கொடுத்துட்டு, என்னை மட்டும் பொய் சொல்லி வச்சுக்கிட்டாருடா!"