சீட் பெல்ட்டில் ஒரு கோடு

யப்பானிலிருந்து கப்பலில் வந்திறங்கிய பழைய காரை மகளுக்கு வாங்க வந்த ஞானச்செல்வத்துக்கு அதன் பளபளப்பே சந்தேகமாக இருந்தது. வெள்ளத்தில் கிடந்த காருக்கு எல்லாவற்றையும் மாற்றுகிறவர்கள் சீட் பெல்ட்டை மறந்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை முழுவதுமாக இழுத்தார். நடுவில் மண்ணிறக் கறை இருந்தது. அதன் விளிம்பு சாய்வாக ஓடியது.

“வெள்ளமெண்டால் கறை நேராயெல்லோ நிக்கும் அண்ணை? இது தேத்தண்ணி. யப்பான்காரன் குடிக்கமாட்டானோ?” என்று சிரித்தான், கார்களை இறக்குமதி செய்து விற்கும் றெஜினோல்ட்.

ஞானச்செல்வம் பெல்ட்டை மார்புக்குக் குறுக்கே மாட்டினார். சாய்ந்திருந்த கோடு இப்போது அவர் கழுத்தடியில் மட்டமாக நின்றது, குளத்தில் இறங்கி நிற்பவன்மேல் நீர் நிற்பதுபோல.

“மாட்டிட்டியள்தானே, ஒரு சுத்து ஓடிப் பாருங்கோவன்.”

பெல்ட்டை விடுவிக்கும் பொத்தானை ஞானச்செல்வம் அழுத்திக்கொண்டே இருந்தார்; பெல்ட் கழலவில்லை.