அத்தை விரித்த பாய்

"புஸ்ஸ்... புஸ்ஸ்..."

தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த ஜெனிட்டாவின் கை நின்றது.

இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கணவன் பிராங்கிளின் மில்லுக்கு நைட் ஷிஃப்ட் போய்விட்டான். மாமியார் சகாயமேரி கோயிலுக்கு ஜெபமாலைக்குப் போயிருந்தார். சத்தம் மாமனாரின் அறையிலிருந்து வந்தது. வீட்டுக்குப் பின்னால் பூராவும் புதர்.

பாம்புதான்.

ஜெனிட்டா பயந்த சுபாவம். பிரசவத்துக்குப் பிறகு இன்னும் மோசம். ராத்திரியில் தன் அறைக் கதவைத் தாழ்போட மாட்டாள். ஒன்றென்றால் யாராவது ஓடி வர வேண்டாமா? மாமியார் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தால்தான் அவளுக்குக் கண் மூடும்.

ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு போனாள்.

"மாமா, அசையாதீங்க" என்று கதவைத் தள்ளினாள்.

இருதயநாதன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் துண்டு. துண்டுக்கு அடியில் போகும் ரப்பர் குழாய். பிரஷர் பார்ப்பார்களே, அதுபோல் கையில் ஒரு பம்பு.

பக்கத்தில் கிடந்த அட்டைப்பெட்டியில் 'ஆண்மைக் குறைவுக்கு' என்று இருந்த இங்கிலீஷை, கான்வென்ட்டில் படித்த ஜெனிட்டா ஒரே பார்வையில் வாசித்துவிட்டாள். கம்பு கைநழுவிக் கீழே விழுந்தது.

"தப்பா நினைக்காதம்மா" என்றார் அவர், தலை நிமிராமல். "நானாத்தான் வாங்குனேன். உங்க அத்தைக்கு ஒண்ணும் தெரியாது. சொல்லிராத."

புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் எழுந்து நடமாடுகிறார். பேரன் எடுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசகம் வாசிக்கிற மனுஷன். அவளுக்குச் சீ என்று வந்தது.

சகாயமேரி வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ஜெனிட்டா போய் நின்றாள்.

"அத்தை, சொல்லவே வாய் கூசுது. மாமா ஒரு மிஷின் வச்சிருக்காரு."

"பம்பா?" என்றார் சகாயமேரி. "நான் பாத்து வாங்குனதுதான். சத்தம் ஜாஸ்தியோ?"

"உங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னாரே."

"சொல்லுவாரு. 'பொம்பளை போய்க் கேட்டாளா'ன்னு நாளைக்கு யாரும் என்னையப் பேசிறக் கூடாதாம். பேர் கெட்டா அவர் பேர் கெடட்டும்னு இருக்காரு." சிரித்தார். "மதுரையில டாக்டர்கிட்டக் கேட்டது பூராவும் நான்தான். இவரு ஃபேனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு."

"என்ன கேட்டீங்க?"

"எதெது இருக்கு, எது இவருக்குத் தோதுன்னு. மாத்திரை ஆகவே ஆகாதுன்னுட்டாரு. நெஞ்சுவலிக்கு உங்க மாமா நாக்குக்கடியில ஒண்ணு வைக்கிறாருல்ல, அதோட சேந்தா உசிருக்கே ஆபத்தாம். ஊசி ஒண்ணு இருக்கு, நல்லாக் கேக்கும்னாரு. எங்க போடணும்னு டாக்டர் சொன்னதும் உங்க மாமா சட்டைப் பித்தானை மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டாரு."

ஜெனிட்டாவுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள்.

"உள்ளுக்குள்ள ஒண்ணை வச்சுத் தைக்கிறதும் இருக்காம். அது கடைசிப் பாடு, இப்ப வேண்டாம்னாரு. இந்தப் பம்புதான் சரி. ரத்த ஓட்டம் விட்டுப் போகாம இருக்கணும்ல. காலொடிஞ்சவன் நடந்து பழகுற மாதிரின்னு வச்சுக்கயேன்."

"இந்த வயசுலயா அத்தை?"

"எந்த வயசுல? தாலியை மந்திரிச்சுக் குடுத்தப்ப, இம்புட்டு வயசு வரைக்கும்தான்னு ஃபாதர் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்லையே."

ஜெனிட்டா திரும்பி மாமாவின் அறைக் கதவைப் பார்த்தாள்.

"ஆபரேஷன் முடிஞ்சு வந்து சுவத்தைப் பாத்துப் படுத்தவரு புள்ள. நான் போய்த் தொட்டாக் கையைத் தள்ளி விட்டுருவாரு. 'இனிமே நான் எதுக்கு மேரி'ன்னு கேட்டாரு. அந்தப் பேச்சு எனக்குப் பொறுக்கலை. இப்பத்தான் கொஞ்சம் முகம் கொடுத்துப் பேசுறாரு."

"அப்ப எல்லாம் மாமாவுக்காகத்தான்."

"எனக்காகவுந்தான். கோயிலுக்குப் போயிட்டு வந்த வாயால பொய் சொல்லவா?"

"இது மட்டும் போதுமா அத்தை?"

சகாயமேரி முக்காட்டை மடித்தார். "மிஷின் பாதி வேலைதான் பாக்கும்னாரு டாக்டர். மீதிக்கு, கூட இருக்கணும், பக்கத்துல படுக்கணும், அவசரப்படாமத் தொட்டுப் பேசணும்னாரு. பாக்கலாம், அதுக்கெல்லாம் நேரம் வரும்."

"ஏன், இப்ப என்ன?"

"வெஞ்சனம் ஆறுது. வா, சாப்பிடுவோம்."

சாப்பிட்டு முடித்ததும் சகாயமேரி வழக்கம்போல் ஜெனிட்டாவின் அறைக்கு வந்தார். தொட்டிலில் குழந்தை ஜெரினுக்குப் போர்த்திவிட்டார். கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துத் தலையணையைத் தட்டிப் போட்டார்.

ஜெனிட்டா அந்தப் பாயையே பார்த்தாள். குனிந்து சுருட்டினாள். தலையணையையும் சேர்த்து மாமியார் கையில் கொடுத்தாள்.

"உங்க ரூமுக்குப் போங்க அத்தை."

"பயப்படுவியே புள்ள. ஜெரின் அழுதான்னா?"

"நான் பாத்துக்கிறேன்."

"பாம்பு கீம்புன்னு ராத்திரியில கத்துவ."

"பாம்பு இல்லைன்னுதான் தெரிஞ்சு போச்சே."

சகாயமேரி மருமகளின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வெளியே போனார்.

பழக்கமில்லாத தாழ்ப்பாள் லேசில் நகரவில்லை. ஜெனிட்டா அதை அழுத்தித் தள்ளி, அடுத்த அறைக்கும் கேட்கட்டும் என்று, டக்கென்று சத்தம் வர உள்ளே தாழிட்டாள்.