மேட்டுக்கு அந்தப் பக்கம்

அவள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், மணல்மேட்டுக்கு முதுகைக் காட்டி.

முதுகைக் காட்டிவிட்டால் மேடு இல்லாமல் போய்விடுமா என்ன?

பனை உயரத்துக்கு எழும்பி நிற்கிற மணல். அதன் சாயங்கால நிழல் அவள்மேல் விழுந்திருந்தது.

மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர். ஊரில் ஒரு வீடு. வீட்டில் படுத்த படுக்கையாக அவளுடைய அம்மா.

"அம்மைக்கு ரொம்ப முடியலக்கா. ஒருக்கா வந்து மொகத்தக் காட்டிட்டுப் போ" என்று, இவள் கூப்பிட்டபோது தங்கை போனில் அழுதிருந்தாள்.

வந்தாயிற்று. மேட்டுக்கு இந்தப் பக்கம்.

கூடவே புருஷன் பூபதி, மாமியார், கொழுந்தன், ஒரு தூக்குச்சட்டி புளிச்சோறு.

ஈரோட்டிலிருந்து இவ்வளவு தூரம் வந்தது கொழுந்தனால்தான். அலைமேல் பலகை போட்டுச் சறுக்குகிறவர்களைப் போனில் பார்த்துவிட்டான். எத்தனையோ கடற்கரை இருக்க, அந்தப் பாவி இதைத்தான் தேடிப் பிடித்தான். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு காரணம் வேண்டும். இருந்த ஒரே காரணத்தை வெளியே சொல்ல முடியாது.

அத்தைக்குத் தெரிந்த மருமகள் வேறு. பெயர் மதி. திருநெல்வேலி டவுன். அப்பா அம்மா இல்லாமல் விடுதியில் வளர்ந்த பிள்ளை.

பெயர் உட்பட எல்லாம் பூபதி சொல்லிக்கொடுத்தது. வேறு மதத்துப் பெண் என்று தெரிந்தால் தன் அம்மா தாங்கமாட்டாள் என்றான். உயிரோடு இருக்கிற தாயை இல்லை என்று சொல்ல அவளும் தலையை ஆட்டினாள். காதலிக்கிற காலத்தில் எதற்குத்தான் தலையாட்ட மாட்டோம்?

கொழுந்தன் பலகையில் ஏறினான், விழுந்தான். மறுபடி ஏறினான், மறுபடி விழுந்தான். கற்றுக்கொடுக்கிறவன் நல்லவேளையாக வெளியூர்க்காரன். ஊர் மீனவர்களின் வள்ளங்கள் கிடந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை. காற்றுக்கு என்று சொல்லி முந்தானையால் தலையை மூடியிருந்தாள்.

அத்தை வாழையிலைத் துண்டில் சோற்றை வைத்து நீட்டினாள்.

"சாப்புடு கண்ணு. காத்தாலயிருந்து நீ ஒண்ணுமே திங்கல."

அத்தை கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அப்போதுதான் மணி அடித்தது.

மேட்டைத் தாண்டி வந்தது சத்தம். ஒன்று. வெகுநேரம் ஒன்றுமில்லை.

பிறகு இன்னொன்று.

"அந்தப் பக்கம் கோயிலு இருக்குமாட்ட இருக்குது." அத்தை எழுந்து நின்று கும்பிட்டாள். "சோத்துல கை வெக்கறப்ப மணி அடிக்குது. நல்ல சகுனம்."

கோயில்தான். அத்தை நினைக்கிற கோயில் இல்லை.

இப்படி விட்டு விட்டு அடித்தால் ஊரில் சாவு. கடைசி அடி ஒற்றையாக விழுந்தால் ஆண், இரட்டையாக விழுந்தால் பெண். அலைச் சத்தத்துக்கு நடுவிலும் அந்த ஊர்ப் பிள்ளைகள் அதைப் பிரித்துக் கேட்பார்கள்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஒற்றை, ஒற்றை என்று வேண்டினாள். எவனோ ஒருத்தன் செத்திருக்கட்டும் என்று வெட்கமில்லாமல் வேண்டினாள்.

இரட்டை விழுந்தது.

கை தானாக நெற்றிக்குப் போனது. நெற்றியிலிருந்து நெஞ்சுக்கு இறங்கியது. அடுத்து இடது தோளுக்குப் போக வேண்டும்.

பூபதி பார்த்தான். கை நெஞ்சிலேயே நின்றுவிட்டது.

அங்கே தாலி இருந்தது. அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"என்ற மருமகளுக்கு எத்தனை பக்தி பாரு." அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது.

ஊரில் கிழவிகளுக்கா பஞ்சம்? மனதுக்குள் அவள் ஒவ்வொருத்தியாகச் சாகடித்துப் பார்த்தாள். ஒருத்தியும் சாகமாட்டேன் என்றாள்.

அத்தையின் பைக்குள் போன் அடித்தது. அவளுடைய போன்தான். மணல் புகுந்துவிடும் என்று அத்தை வாங்கி உள்ளே வைத்திருந்தாள்.

அவள் கை நீட்டுவதற்குள் அத்தை எடுத்து, கண்ணைச் சுருக்கி வாசித்தாள்.

"டைலரு கூப்புடறா கண்ணு. ரவிக்கை தெச்சு முடிச்சுட்டாளாட்ட இருக்குது. ஊட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்."

கட் பண்ணிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள்.

டைலர் அவள் தங்கை. அந்தப் பெயரில் பதிந்து கொடுத்ததும் பூபதிதான். ஊசியில் நூல் கோக்கக்கூட அவளுக்கு வராது. தானாக ஒருநாளும் கூப்பிடக் கூடாது என்று தங்கைக்குச் சொல்லி வைத்திருந்தது. அவளும் இன்றுவரை கூப்பிட்டதில்லை.

பைக்குள் போன் மறுபடி அடித்தது. அடித்து ஓய்ந்தது.

அவள் இலையை மணலில் வைத்தாள். எழுந்தாள். மேட்டின் பக்கம் திரும்பினாள்.

"எங்க போறே?" என்றான் பூபதி.

"மேல ஏறிப் பாக்கணும்."

"போகட்டும் உடுடா. சின்னப் புள்ளைதான." அத்தை சிரித்துக்கொண்டே திரும்பி உட்கார்ந்து, கடலில் விழுந்து எழும் சின்ன மகனை வேடிக்கை பார்த்தாள்.

மணல் அவள் காலை உள்ளே இழுத்தது. ஓரடி ஏறினால் அரையடி சறுக்கியது. கையை ஊன்றினாள். ஒரு செருப்பு கழன்று கீழே உருண்டது. கிடக்கட்டும் என்று விட்டாள்.

"மதி." சிரிக்கிற மாதிரி கூப்பிட்டான்.

அவள் ஏறிக்கொண்டிருந்தாள்.

"மதி, எறங்கு. நேரமாச்சு."

உச்சி பக்கத்தில் வந்துவிட்டது. அழுகையும் வந்துவிட்டது. இரண்டையும் அவள் நிறுத்தப் பார்க்கவில்லை.

பூபதி ஓடி வந்தான். மேட்டின் அடியிலேயே மணல் அவன் முழங்கால்வரை பிடித்துக்கொண்டது. பதற்றத்தில், காதலித்த நாளில் கூப்பிட்ட பெயர் அவன் வாயில் வந்துவிட்டது.

"மதலேன்!"

அதற்கும் அவள் திரும்பவில்லை.

அத்தைதான் திரும்பினாள்.