மூன்று மீட்டர் பாவாடைத் துணி

"என் கம்பளி சாக்ஸை எங்கே வெச்சே?" என்று கத்திக்கொண்டே படுக்கைக்கு அடியில் இருந்த இழுப்பறையைத் திறந்தாள் ரீக்கா. சாக்ஸ் அகப்படவில்லை. பச்சை நிறத்தில் பூப்போட்ட புதுத்துணி அகப்பட்டது. மூன்று மீட்டர் இருக்கும், கடையில் மடித்த மடிப்புகூடக் கலையவில்லை.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேன் சுவரில் தொங்கிய காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள். பிப்ரவரி 29.

அந்தத் தேதியும் அந்தத் துணியும் சேர்ந்தால் என்ன அர்த்தம் என்று பின்லாந்தில் பிறந்த எவளுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாலு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற அந்த ஒரு நாளில், பெண்ணே போய் 'என்னைக் கட்டிக்கிறாயா' என்று கேட்கலாம். மாட்டேன் என்கிறவன் அவளுக்குப் பாவாடைத் துணி வாங்கித் தந்தே ஆகவேண்டும்.

ஆக, கேட்பதற்கு முன்னாலேயே பதிலை வாங்கி வைத்துவிட்டான், பாவி!

அவள் கேட்கத்தான் வந்திருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓஸ்மோ கேட்டபோது, "இப்ப வேண்டாம். இனிமே நீ கேக்காதே, தோணினா நானே கேக்கறேன்" என்று அவன் வாயை அடைத்தவளும் அவள்தான். அவனும் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இப்போது அவளுக்குத் தோன்றிவிட்டது. அதுவும் பைத்தியம் பிடித்த மாதிரி! அதனால்தான் அவனுடைய ஓட்டை கேம்பர் வேனில், குவோப்பியோவிலிருந்து இரண்டு நாள் குலுங்கிக் குலுங்கி, இந்த இனாரி ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்திருந்தாள். துருவ ஒளி வானத்தில் ஆடுகிற நேரம் பார்த்துக் கேட்டுவிடுவது என்று கண்ணாடி முன்னால் ஒத்திகைகூட நடந்திருந்தது.

எப்போது வாங்கியிருப்பான்? காலையில் பெட்ரோல் போட நின்ற இடத்தில் அவனுக்கு ஒரு போன் வந்தது. பனியில் இறங்கிப் போய்ப் பேசிவிட்டு, காது சிவக்கத் திரும்பி வந்தான். "நம்ம பாட்டுக் குழு கெர்த்து. அவசரமா ஒண்ணு கேட்டா, முடியாதுன்னுட்டேன்" என்றான்.

கெர்த்து வீட்டில் குழாய் ஒழுகாத வாரமே கிடையாது. ஒழுகினால் ஓஸ்மோவைத் தவிர வேறு ஆள் கைவைக்கக் கூடாது அவளுக்கு. ரீக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த ஊரில், "பால் வாங்கிட்டு வந்துடறேன்" என்று கடைத்தெருவுக்குள் ஓடியவன், கோட்டுக்குள் எதையோ இடுக்கிக்கொண்டு, பால் இல்லாமல் வந்தான். அப்போதுதான் வாங்கியிருக்கிறான்! பச்சை என்றாலே அவளுக்கு ஆகாது என்று தெரிந்தும் பச்சை!

"ரீக்கா! ஓடி வா, ஓடி வா! நரி வாலைச் சுழட்டிடுச்சு!" என்று வெளியிலிருந்து ஓஸ்மோ கத்தினான்.

நரி வாலால் பனியை வாரி அடிப்பதால்தான் துருவ ஒளி எழுகிறது என்பது அந்த நாட்டுப் பாட்டிக்கதை. மணி மாலை ஏழுதான். துணியைக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டு, அவனுடைய சாக்ஸையே மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

வானம் கொள்ளாமல் பச்சை வெளிச்சம் அலையலையாகப் புரண்டது. உறைந்த ஏரிமேல் ஓஸ்மோ, கையில் குச்சியில் குத்திய சாசேஜோடு குதித்தான், வழுக்கி விழுந்தான், எழுந்து மறுபடி குதித்தான். அத்தனை கோபத்திலும் அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்து அடக்கினாள்.

"எப்படி? சொன்னேன் இல்ல?" என்றான் மூச்சிரைக்க.

"பச்சையா இருக்கு."

"பின்னே? இதைப் பாத்தா ஏதாவது கேக்கணும்போல இல்லையா உனக்கு?"

"ஆமா, கேக்கணும்."

அவன் சாசேஜைக் கீழே வைத்துவிட்டு, குல்லாயைக்கூடக் கழற்றிக்கொண்டு நிமிர்ந்து நின்றான். "கேளு."

"கடுகு சாஸ் எங்கே?"

அவன் முகம் தொங்கிப்போனது. சட்டைப்பையிலிருந்து சாஸை எடுத்துக் கொடுத்தான். வானத்தின் ஓரத்தில் ரோஜா நிறம் எட்டிப் பார்த்தது.

"வேற ஏதாவது?"

"வேற ஒண்ணும் இல்ல."

"நல்லா யோசிச்சுப் பாரு ரீக்கா. இன்னிக்கு விட்டா, இந்தத் தேதி வர இன்னும் நாலு வருஷம் ஆகும்."

அவ்வளவுதான், அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. கோட்டுக்குள்ளிருந்து துணியை உருவி அவன் முகத்தில் வீசினாள்.

"தேதியை வேற சொல்லிக் காட்டறியா? நான் இன்னும் வாயே திறக்கல, அதுக்குள்ள துணி வாங்கி ஒளிச்சு வெச்சிருக்கே! ரெண்டு வருஷமா மனசுல வெச்சிருந்து பழி வாங்கறியா? இந்தா, நீயே கட்டிக்கோ!" கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. வழிந்த கண்ணீர் அந்தக் குளிரில் இமையிலேயே உறைந்தது.

ஓஸ்மோ தலையில் விழுந்த துணியை விலக்கினான். துணியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு ஏரியே அதிரச் சிரித்துக்கொண்டு பனியில் மல்லாந்து விழுந்தான்.

"சிரிக்காதே! சிரிச்சே, உன்னை இங்கேயே விட்டுட்டு வேனை எடுத்துட்டுப் போயிடுவேன்!"

"ஐயோ ரீக்கா, இது உனக்கு இல்ல. கெர்த்துவுக்கு!"

"குழாய் ஒழுகினா பாவாடைத் துணி எதுக்கு?"

அவன் எழுந்து உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"காலையில அவ கேட்டது குழாயைப் பத்தி இல்ல, என்னை! சரி, நீ எப்பக் கேக்கப் போறே?"